நாற்காலியிலிருந்து எழத் தெரிந்தவர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், மறைந்த மகாராஷ்டிர முன்னாள் ஆளுநர் பாரத ரத்னா சி. சுப்பிரமணியம் அவர்களை நினைவுகூர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மறைந்த பெரியவர் ஒருவரைப் பற்றி இருபது நிமிஷம் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். திருத்தணியில் இப்படிக் கேட்டால் யாரும் டாக்டர் ராதாகிருஷ்ணனைப் பற்றித்தான் பேசுவார்கள். இந்த மண்ணில் பிறந்தவர். ஒவ்வொரு செப்டம்பர் ஐந்தாம் தேதியும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். "நான் சி.எஸ்.ஸைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். செயலாளர் கொஞ்சம் யோசித்தார். "சார், அவர் பொள்ளாச்சிக்காரர். கவர்னராக இருந்ததோ மகாராஷ்டிரத்தில். அவருக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில்தான் இந்தப் பேச்சு.

முதலில், மாணவர்களுக்காக அவரைப் பற்றி நாலு வார்த்தை. சி. சுப்பிரமணியம் 1910 ஜனவரி 30-ஆம் தேதி பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையம் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்தார், பிறகு சட்டம் படித்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். 1952 முதல் 1962 வரை சென்னை மாகாண அமைச்சர். பிறகு டில்லியில் எஃகு, உணவு, விவசாயம், திட்டம், நிதி, பாதுகாப்பு என்று பல துறைகள். 1990 பிப்ரவரியில் மகாராஷ்டிர ஆளுநர். 1998-இல் பாரத ரத்னா. 2000 நவம்பர் 7-ஆம் தேதி சென்னையில் தமது தொண்ணூறாவது வயதில் காலமானார். கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

பதவிப் பட்டியல் எல்லாப் பெரிய மனிதர்களுக்கும் உண்டு. நான் சொல்ல வந்தது வேறு. நாற்காலியில் உட்காரத் தெரிந்தவர்கள் நம் நாட்டில் ஏராளம். எழுந்திருக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அவர் இரண்டும் தெரிந்தவர்.

நான் 1958-இல் பிறந்தவன். என் பிறப்புப் பதிவு சித்தூர் ஜில்லா. பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் செங்கல்பட்டு ஜில்லா. ரிடையராகித் திரும்பி வந்து பார்த்தால் திருவள்ளூர் மாவட்டம். ஆனால் வீடு அதே வீடு, அதே திண்ணை! 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி சித்தூரோடு அந்தப் பக்கம் போனதும், ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடியதும், படாஸ்கர் சிபாரிசின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி நாம் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அம்மா பேசுவது தெலுங்கு, அப்பா பேசுவது தமிழ். எல்லை எங்கள் அடுப்பங்கரைக்கு நடுவில்தான் போயிற்று என்று பாட்டி சிரிப்பாள்.

அப்படி நாம் வந்து சேர்ந்தபோது, காமராஜர் தலைமையில் இருந்த அரசாங்கத்தில் நிதியும் கல்வியும் சி.எஸ். கையில் இருந்தன. அவர் அந்த அமைச்சரவையில் இருந்ததே ஒரு கதை. ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைச் சட்டசபையில் ஆதரித்துப் பேசியவர் அவர். "குலக்கல்வித் திட்டம்" என்று நாடே எதிர்த்த திட்டம் அது. 1954-இல் ராஜாஜி விலகியபோது கட்சித் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றவரும் அவர்தான். தோற்றவரைக் காமராஜர் கூப்பிட்டு அமைச்சராக்கினார். அது காமராஜரின் பெருந்தன்மை. ஜெயித்தவருக்குக் கீழே போய், தாம் ஆதரித்த அதே திட்டத்தைக் கைவிடுவதாகத் தாமே அறிவித்தார் சி.எஸ். "நான் சொன்னதுதான் சரி" என்று மூலையில் போய் உட்காரவில்லை. பிறகு அதே கல்வித் துறையில் மதிய உணவுத் திட்டம் வந்தது, கிராமம் கிராமமாகப் பள்ளிகள் வந்தன. அந்தப் பள்ளிகளில் ஒன்றில்தான் நான் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். என் அப்பா கைநாட்டு. அவர் மகன் இன்று மைக் முன்னால் நிற்கிறேன் என்றால் அதில் அந்த அரசாங்கத்துக்குப் பங்கு உண்டு. இது முதல் சம்பந்தம்.

இரண்டாவது சம்பந்தம் 1965 பிப்ரவரி. அரசியல் சட்டம் வந்து பதினைந்து ஆண்டு முடிந்ததும், அந்த ஜனவரி 26 முதல் இந்தியே முதன்மை ஆட்சிமொழி என்ற நிலை வந்தது. தமிழ்நாடு கொதித்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களின் வயதில் இருந்தவர்கள் தெருவில் இறங்கினார்கள். தீக்குளித்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார்கள். அப்போது சி.எஸ். மத்திய உணவு, விவசாய அமைச்சர். பிப்ரவரி 11-ஆம் தேதி அவரும் செங்கல்பட்டுக்காரரான ஓ.வி. அளகேசனும் பதவியை ராஜினாமா செய்தார்கள். டில்லியில் மந்திரியாக இருந்துகொண்டு "என் ஜனங்கள் சாகும்போது நான் இந்த நாற்காலியில் இருக்க முடியாது" என்று செயலில் காட்டினார்கள்.

அந்த ராஜினாமா ஏற்கப்படவில்லை. பிரதமர் சாஸ்திரி, நேரு கொடுத்த உறுதிமொழி காப்பாற்றப்படும் என்று வானொலியில் பேசினார். அமைச்சர்கள் திரும்பினார்கள். அப்போது ராஷ்டிரபதி பவனில் இருந்தவர் யார்? நம் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். அந்த ராஜினாமாக்களை ஏற்கவேண்டாம் என்று பிரதமருக்கு எடுத்துச் சொன்னவர் அவர் என்றே அந்த நாட்களைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஒருவர் எழுந்தார், இன்னொருவர் "உட்காருங்கள், உங்களுக்கு வேலை இருக்கிறது" என்றார். அந்த வேலை என்ன என்பதுதான் மூன்றாவது சம்பந்தம். அது உங்கள் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது.

அறுபதுகளின் நடுவில் நான் ஆரம்பப்பள்ளிச் சிறுவன். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் அமெரிக்கக் கோதுமையில் செய்த உப்புமா, பால்பவுடர் கரைத்த பால். ரேஷன் கடையில் அம்மா வெயிலில் நிற்பாள். அரிசி வந்தால் திருவிழா. திங்கட்கிழமை ராத்திரி ஒருவேளை சாப்பாட்டை விடுங்கள் என்று சாஸ்திரி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். "நாம எல்லா நாளும் விட்டுட்டுத்தானே இருக்கோம், இவர் என்ன புதுசா சொல்றாரு" என்றார் அப்பா. அவர் கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கு இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

1965-இலும் 1966-இலும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1966-இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. அடுத்த கப்பலை அனுப்பலாமா வேண்டாமா என்பதை வாஷிங்டனில் முடிவு செய்தார்கள். விவசாயத் துறை என்றாலே அரசியல்வாதிகள் ஓடி ஒளிந்த காலம் அது. அதை சி.எஸ். ஏற்றுக்கொண்டது 1964 ஜூனில்.

அவர் என்ன செய்தார்? மூன்று காரியங்களைச் சேர்த்துச் செய்தார். ஒன்று, விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை. அதற்காக 1965-இல் விவசாய விலைக் கமிஷனும், கொள்முதல் செய்ய இந்திய உணவுக் கழகமும் வந்தன. இரண்டு, புதிய விதை. மூன்று, அந்த விதைக்கு வேண்டிய உரமும் தண்ணீரும். விதை, மெக்ஸிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை. இங்கே அதைச் சோதித்து "இது நம் மண்ணுக்கு ஒத்துவரும்" என்று சொன்னவர்களின் முன்னணியில் நின்றவர் எம்.எஸ். சுவாமிநாதன். துறைச் செயலாளர் பி. சிவராமன். 1966-இல் 18,000 டன் விதைக் கோதுமை மெக்ஸிகோவிலிருந்து இறக்குமதி ஆனது.

இன்றைக்குச் சொல்லச் சுலபம். அன்றைக்கு அது சூதாட்டம் என்றார்கள். உரத்துக்கு அந்நியச் செலாவணி ஏது என்று நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியே எதிர்த்தார். அமெரிக்காவுக்கு நாட்டை விற்கிறார் என்று இடதுசாரிகள் சொன்னார்கள். சி.எஸ். பேசியதோடு நிற்கவில்லை. டில்லியில் அவருக்குக் கொடுத்த அமைச்சர் பங்களாவின் புல்தரையை உழுது, அங்கே அந்தக் கோதுமையை விதைத்தார். ஊருக்கு உபதேசம் சொல்லும் முன்னால் தன் வாசலில் விதைத்தார். நம் பக்கத்தில் நெல்லில் ஐ.ஆர்.8 வந்தது. நமக்கு அடுத்த வட ஆற்காடு ஜில்லாவில் ஒரு விவசாயி, அந்த நெல் கொடுத்த மகசூலைப் பார்த்து, தமக்குப் பிறந்த பிள்ளைக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்!

சரி, பலன் என்ன? 1967-இல் பொதுத் தேர்தல். தமிழ்நாட்டில் அரிசிதான் பெரிய பிரச்சினை. ரூபாய்க்கு மூன்று படி என்று மேடைக்கு மேடை பேச்சு. நாட்டின் உணவு அமைச்சர் சொந்த மாநிலத்தில் தோற்றார். அடுத்த ஆண்டு, 1968-இல், இந்தியா அதுவரை காணாத கோதுமை விளைச்சல். சுமார் 165 லட்சம் டன். வறட்சிக்கு முந்தைய நல்ல ஆண்டில்கூட 123 லட்சம் டன்தான். மூட்டைகளை அடுக்க இடமில்லாமல் வடக்கே பள்ளிக்கூடங்களைக் காலி செய்தார்கள். அரசாங்கம் கோதுமைப் புரட்சிக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. அதை விதைத்தவர் அன்று அமைச்சர் இல்லை. எம்.பி.கூட இல்லை. அறுவடை நாளில் விதைத்தவன் களத்தில் இல்லாமல் போவது எப்படிப்பட்ட விஷயம் என்று விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

நான் அவரைக் கடவுளாக்க வரவில்லை. இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். 1975-இல் நெருக்கடி நிலை வந்தபோது அவர் நிதியமைச்சர். நாடு வாய்மூடிக் கிடந்த அந்த நாட்களில் அவர் எழவில்லை, பதவியிலேயே இருந்தார். 1965-இல் எழுந்தவர் 1975-இல் ஏன் எழவில்லை என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு. இன்னொன்று, பசுமைப் புரட்சிக்கு மண்ணும் தண்ணீரும் கொடுத்த விலை. உரமும் போரும் போட்டிபோட்டு, கிணறுகள் வறண்ட கதையை நம் ஏரிப்பாசன ஊர்களில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. பசியில் இருந்தவனுக்கு முதலில் சோறு போட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காதவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் கதையை இந்த மேடையில் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன். நான் இந்தக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துவிட்டு வங்கி வேலைக்குப் போனவன். எந்த வங்கி என்பது வேண்டாம். 1992-இல் வேறொரு மாவட்டத்தில் கிராமக் கிளையில் விவசாயக் கடன் பார்த்துக்கொண்டிருந்தேன். போர் போடக் கடன் கேட்டு அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் வந்தார். நான் போய்ப் பார்த்தேன். சுற்றிலும் நாலு போர், நாலும் புகைதான் கக்கியிருந்தது. அங்கே தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியும். பெரியவர் என்னைக் கேட்டார்: "சார், நீங்க படிச்சவங்க. போட்டா தண்ணி வருமா?"

மார்ச் மாதம். டார்கெட் முடியவில்லை. "கையெழுத்தைப் போடுப்பா, தண்ணி வர்றதும் வராததும் அவன் அதிர்ஷ்டம்" என்றார் மேலே இருந்தவர். எனக்குப் பிரமோஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியவரிடம் "பார்க்கலாங்க, வரும்" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

தண்ணீர் வரவில்லை. கடன் வந்தது.

1993 ஜனவரியில் ஒருநாள், வங்கியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மகாராஷ்டிர ஆளுநர் சி. சுப்பிரமணியம் ராஜினாமா என்று செய்தி. பிரதமர் நரசிம்ம ராவின் செயல்பாட்டைப் பற்றி அவர் கோவாவில் தனிப்பட்ட பேச்சில் சொன்ன விமரிசனம் பத்திரிகையில் வந்துவிட்டது. பம்பாயில் கடலைப் பார்த்த ராஜ்பவனை விட்டு, எண்பத்திரண்டு வயதில், வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கவர்னர் பதவி என்றால் நமக்குத் தெரியும், வயதான தலைவர்களுக்கு ஓய்வுக்குக் கொடுக்கிற சாய்வு நாற்காலி என்பார்கள். அந்த நாற்காலியிலும் அவர் தன் கருத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்காரவில்லை. கருத்து வெளியே வந்துவிட்டது என்றதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தொங்கவும் இல்லை.

பேப்பரை மடித்து வைத்தேன். கவுண்டருக்கு வெளியே அந்தப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு ஆட்டை விற்றுவிட்டு வட்டி கட்ட வந்திருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் குற்றம் செய்தவன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கும்பிடு இன்றும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

அதற்குப் பிறகு அப்படிப்பட்ட மனுக்கள் வந்தபோது "தண்ணீர் இல்லை, பரிந்துரைக்கவில்லை" என்று எழுதினேன். ஆறு மாதத்தில் தூர ஊருக்கு மாறுதல் வந்தது. பிரமோஷன் மூன்று வருஷம் தள்ளிப்போயிற்று. அவ்வளவுதான். தலை போகவில்லை. பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெரியவர் நிலத்தை விற்றுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் திருந்தியதால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

மாணவச் செல்வங்களே, நீங்கள் யாரும் மத்திய மந்திரியாகவோ கவர்னராகவோ ஆகாமல் போகலாம். ஆனால் ஆளுக்கொரு நாற்காலி நிச்சயம் கிடைக்கும். தாலுகா ஆபீஸில், பள்ளிக்கூடத்தில், கம்பெனியில், பஞ்சாயத்தில். அந்த நாற்காலிக்கு எதிரே, எழுத்தறிவு உங்களைவிடக் குறைவான ஒருவர் நின்று, "நீங்க படிச்சவங்க, சொல்லுங்க" என்று கேட்பார். அந்த நேரத்துக்காகத்தான் இந்தக் கல்லூரியில் உங்களைப் படிக்க வைக்கிறார்கள். பரீட்சை என்பது அதுதான்.

நம் மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் படிக்குப் படி பூஜை செய்து ஏறுகிறோம். ஏறின எல்லோரும் இறங்கித்தான் வீட்டுக்கு வருகிறோம். மேலேயே யாரும் குடியிருப்பதில்லை. ஆகையால் இறங்கப் பயப்படாதீர்கள். சி.எஸ். தோற்று இறங்கியிருக்கிறார், தானாகவும் இறங்கியிருக்கிறார். ஒருமுறை இறங்கியிருக்க வேண்டிய நேரத்தில் இறங்காமலும் இருந்திருக்கிறார். மொத்தத்தையும் பார்த்துத்தான் அவரை மதிக்கிறேன்.

சங்கத்துக்கு ஒரு சிறு வேண்டுகோள். அவர் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதியிருக்கிறார். இந்த ஆண்டுச் சந்தாப் பணத்தில் இரண்டு பிரதி வாங்கி நம் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். பணம் போதாவிட்டால் என்னைக் கேளுங்கள்.

இன்றைக்கு மத்தியானம் நம் எல்லோருக்கும் விருந்து இருக்கிறது. இலையில் சோறு விழும்போது, ஒரு காலத்தில் இதே ஊரில் அரிசி வந்தால் திருவிழாவாக இருந்தது என்பதையும், டில்லியில் தன் வீட்டுப் புல்தரையை உழுத ஒரு மனிதரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். சோற்றை வீணாக்காமல் சாப்பிடுங்கள். அவருக்கு அதுவே அஞ்சலி.